நல்ல போர்ச்சேவகனும் பிளவுபடாத அர்ப்பணிப்பும்

க.பொ.த. சாதாரண தரம் – கிறிஸ்தவம்
வேதபகுதி: 2 தீமோத்தேயு 2:3-7

மாணவர்களே,

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கிறிஸ்துவின் ஊழியன் மூவருக்கு ஒப்பிடப்படுகிறான். அவர்கள் போர்ச்சேவகன், விளையாட்டு வீரன், பயிரிடுகிறவன் ஆகியோராவர். வீரனின் உவமை விதிகளுக்கு அமைதலையும், பயிரிடுகிறவனின் உவமை உழைத்துப் பலன் காணுதலையும் விளக்குகின்றன. முதலாவதாக வரும் போர்ச்சேவகனின் உவமை பாடுகளைச் சகித்தல், வேறு அலுவல்களில் சிக்கிக்கொள்ளாதிருத்தல், தன்னைச் சேர்த்துக்கொண்ட தலைவனைப் பிரியப்படுத்துதல் என்னும் மூன்று கருத்துக்களைக் கொண்டது. இவற்றுள் இரண்டாவது கருத்தையே மாணவர் பலர் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். எனவே அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

1. நிருபத்தின் பின்னணி

தீமோத்தேயு லீஸ்திராவில் பவுலுடன் இணைந்தவன். தந்தை கிரேக்கர், தாய் விசுவாசியான யூதப்பெண் (அப்போஸ்தலர் 16:1-3). பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் இருந்த விசுவாசம் அவனிடத்திலும் காணப்பட்டது (2 தீமோ. 1:5). பின்னர் எபேசு சபையின் பொறுப்பு அவனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவன் வயதில் இளையவன்.

திருச்சபையின் மரபின்படி, இந்நிருபம் ஏறத்தாழ கி.பி. 64-67 காலப்பகுதியில் உரோமாபுரிச் சிறையிலிருந்து எழுதப்பட்டது. தமது முடிவு நெருங்கிவிட்டதைப் பவுல் அறிந்திருந்தார். ஆசியாவிலுள்ள பலர் அவரை விட்டு விலகியிருந்தனர் (1:15). இத்தகைய வேளையில்தான் தமக்குப் பின் பொறுப்பை ஏற்கவேண்டிய இளைஞனுக்கு இவ்வறிவுரையை எழுதுகிறார்.

பவுல் போர்ச்சேவகர்களை நன்கு அறிந்தவர். எருசலேமில் கலகக் கூட்டத்திடமிருந்து அவரை மீட்டவர்கள் உரோமச் சேவகர்களே (அப். 21:31-33). உரோமாபுரிக்கான கடற்பயணத்தில் நூற்றுக்கு அதிபதியான யூலியு அவருக்குப் பொறுப்பாயிருந்தான் (அப். 27:1-3). உரோமாபுரியிலும் ஒரு சேவகனின் காவலிலேயே அவர் தங்கியிருந்தார் (அப். 28:16). ஆகவே இவ்வுவமை அவர் நாளாந்தம் கண்ட காட்சியிலிருந்து பிறந்தது எனலாம்.

2. உரோமப் போர்ச்சேவகனின் வாழ்க்கை

உவமையின் பொருளை உணர, அக்காலச் சேவகனின் நிலையை அறிதல் அவசியம்.

(அ) நீண்ட சேவை – முதலாம் நூற்றாண்டில் சேவகன் ஒருவன் பொதுவாக 20 முதல் 25 ஆண்டுகள் வரை படையில் பணியாற்ற வேண்டியிருந்தது. இளமைக்காலம் முழுவதும் அதிலேயே கழிந்தது.

(ஆ) சத்தியப்பிரமாணம் – படையில் சேரும்போது அவன் பேரரசனுக்கு உண்மையாயிருப்பதாகச் சத்தியம் செய்தான். இச்சத்தியம் இலத்தீன் மொழியில் சக்ரமெந்தும் எனப்பட்டது. பிற்காலத்தில் தெர்த்துல்லியன் முதலிய இலத்தீன் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் இதே சொல்லை ஞானஸ்நானத்துக்கும் பயன்படுத்தினர்.

(இ) திருமணத் தடை – சேவைக் காலத்தில் சட்டப்படி திருமணம் செய்ய அவனுக்கு அனுமதி இருக்கவில்லை. இத்தடை கி.பி. 197 அளவில், செப்தீமியு செவேரு பேரரசனின் காலத்திலேயே தளர்த்தப்பட்டது.

(ஈ) நிலம் வாங்கத் தடை – தான் பணிபுரியும் மாகாணத்தில் சேவகன் நிலம் வாங்கலாகாது என்னும் விதி உரோமச் சட்டத் தொகுப்பில் காணப்படுகிறது. பயிர்ச்செய்கையில் மனம் சென்றால் படைக்கடமை பின்தள்ளப்படும் என்பதே காரணம். ஆயினும் சேவை முடிந்து ஓய்வுபெறும்போது அவனுக்கு நிலமோ பணமோ வழங்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிலமும் குடும்பமும் தீயவை என்று எவரும் கருதவில்லை. அழைப்பு வரும்போது அவனைப் புறப்படவிடாமல் தடுக்கக்கூடாது என்பதே நோக்கம்.

3. "சிக்கிக்கொள்ளுதல்" என்பதன் பொருள்

இவ்விடத்தில் வரும் கிரேக்கச் சொல், நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதைக் குறிக்கும் சொல்லாகும். வலையில் கால் அகப்பட்டவன் வலையை விரும்பாவிட்டாலும் நடக்க முடியாதவனாகிறான். ஒரு பொருளை வைத்திருப்பது வேறு. அதில் அகப்பட்டிருப்பது வேறு.

இயேசு கூறிய பெரிய விருந்தின் உவமையை இதனுடன் ஒப்பிடலாம் (லூக்கா 14:16-24). அழைக்கப்பட்டவர்களில் ஒருவன் வயல் வாங்கியிருந்தான். இன்னொருவன் ஐந்து ஏர் மாடுகளை வாங்கியிருந்தான். மூன்றாமவன் திருமணம் செய்திருந்தான். இவற்றில் ஒன்றேனும் பாவச்செயல் அன்று. உரோமச் சேவகனுக்குத் தடுக்கப்பட்ட நிலமும் திருமணமும் இங்கும் சாட்டுக்களாக வருவதைக் காண்கிறோம். மனிதனைக் கடவுளின் அழைப்பிலிருந்து தடுப்பவை எப்போதும் தீமைகளாக இருப்பதில்லை. பெரும்பாலும் நல்லவையே தடையாகின்றன. தீமையைக் கண்டால் விலகிக்கொள்கிறோம். நல்லதில் அகப்படும்போதோ அகப்பட்டதையே உணர்வதில்லை.

4. தொழிலும் குடும்பமும் கூடாதா?

அவ்வாறு பொருள்கொள்வது பிழையாகும். பவுல் தாமே கூடாரம் செய்யும் தொழிலாளி. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரோடு தங்கி அத்தொழிலைச் செய்தார் (அப். 18:1-3).

இத்தம்பதியரையே சிறந்த உதாரணமாகக் காட்டலாம். அவர்களுக்குத் திருமண வாழ்வு இருந்தது, தொழில் இருந்தது, வீடும் இருந்தது. ஆனால் அவ்வீட்டில் சபை கூடியது (1 கொரிந்தியர் 16:19). பவுலுக்காகத் தம் உயிரையும் ஆபத்துக்கு உட்படுத்தினர் (ரோமர் 16:3-4). உடைமை அவர்களைக் கட்டவில்லை. அவர்களே உடைமையைக் கடவுளின் பணிக்குக் கொடுத்தனர்.

மறுபுறம் தேமாவை நோக்குக. அவன் பவுலின் உடன்வேலையாளாயிருந்தவன் (பிலேமோன் 24). பின்னர் இவ்வுலக வாழ்வின்மேல் கொண்ட ஆசையால் பவுலை விட்டு தெசலோனிக்கேக்குச் சென்றான் (2 தீமோ. 4:10). ஒநேசிப்போருவோ உரோமாபுரியில் பவுலைத் தேடிக் கண்டுபிடித்தான்; அவருடைய சங்கிலியைக் குறித்து வெட்கப்படவில்லை (1:16-17). தேமாவும் ஒநேசிப்போருவும் பவுலின் பணியில் பங்குகொண்டவர்களே. சோதனை வேளையில் ஒருவன் நின்றான், மற்றவன் நிற்கவில்லை.

5. இது ஆயுதப் போர் அன்று

போர்ச்சேவகன் என்ற சொல்லைக் கண்டதும் வன்முறையை நினைத்தல் ஆகாது. 2009 வரை நீடித்த யுத்தத்தின் இழப்புக்களை அறிந்த எமது நாட்டில் இதனைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பவுல் எடுத்துக்கொண்டது சேவகனின் கட்டுப்பாட்டையே. அவனது வாளை அல்ல. தமது போராயுதங்கள் உலகத்துக்குரியவை அல்ல எனப் பவுல் வேறிடத்தில் விளக்குகிறார் (2 கொரி. 10:3-4). பேதுரு வாளை உருவியபோது அதனை உறையிலே போடும்படி இயேசு கட்டளையிட்டார் (யோவான் 18:10-11). பவுல் சொல்லும் பாடு பிறருக்குக் கொடுப்பதன்று, தான் ஏற்றுக்கொள்வது.

ஆயுதமற்ற சேவைக்கு உதாரணமாக இரட்சணிய சேனையைக் குறிப்பிடலாம். வில்லியம் பூத், கதரீன் பூத் தம்பதியர் 1865 இல் கிழக்கு லண்டன் ஏழைகள் மத்தியில் ஆரம்பித்த பணி, 1878 இல் இப்பெயரைப் பெற்றது. 1883 இல் இலங்கையிலும் ஆரம்பிக்கப்பட்டது. இதன் அங்கத்தவர்கள் சேவகர்கள் என அழைக்கப்படுகின்றனர்.

6. மாணவர் வாழ்வில்

கல்வியும் உங்கள் கடமையே. பரீட்சைக்கு உழைப்பது கடவுளுக்கு விரோதமானதன்று. எனினும் ஞாயிறு காலையில் பிரத்தியேக வகுப்பு வைக்கப்படுவதால் ஆராதனையை மாதக்கணக்காக மறந்துவிடும் மாணவர் உளர். "பரீட்சை முடியட்டும்" என்பர். சாதாரண தரம் முடிந்தால் உயர்தரம் வரும். அதன்பின் தொழில் வரும். விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் சொன்ன சாட்டும் இத்தகையதே.

ஆகவே "இது நல்லதா, கெட்டதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "அழைப்பு வரும்போது இதை வைத்துவிட்டு எழுந்து செல்ல என்னால் முடியுமா?" என்றும் கேட்டுப் பாருங்கள். நோயுற்ற நண்பனைப் பார்க்கச் செல்வதற்காகக் கையடக்கத் தொலைபேசியைக் கீழே வைக்க முடியுமா? அதிக புள்ளி கிடைக்கும் என்றாலும் பார்த்தெழுதாமல் இருக்க முடியுமா? வகுப்பில் எல்லாரும் ஒதுக்கும் ஒருவனோடு, கேலிக்கு அஞ்சாமல் அமர முடியுமா? முடியுமாயின் நீங்கள் சிக்கிக்கொள்ளவில்லை. சேவகன் பலரைத் திருப்திப்படுத்த முயல்வதில்லை. தலைவர் ஒருவருக்கே கணக்குக் கொடுக்கிறான். பிளவுபடாத அர்ப்பணிப்பு என்பது இதுவே.

நினைவிற் கொள்க

• மூன்று உவமைகள்: போர்ச்சேவகன், விளையாட்டு வீரன், பயிரிடுகிறவன்.
• சேவகனின் உவமை வலியுறுத்துவது: சகிப்பு, சிக்கிக்கொள்ளாமை, தலைவனைப் பிரியப்படுத்தல்.
• உதாரணங்கள்: ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள், ஒநேசிப்போரு. மாறான உதாரணம்: தேமா.

பயிற்சி வினா

(i) 2 தீமோத்தேயு 2 ஆம் அதிகாரத்தில் வரும் மூன்று உவமைகளையும் குறிப்பிடுக.
(ii) உரோமப் போர்ச்சேவகனின் வாழ்வில் காணப்பட்ட இரண்டு கட்டுப்பாடுகளை எழுதி, அவற்றின் நோக்கத்தை விளக்குக.
(iii) "கிறிஸ்தவ அர்ப்பணிப்பு என்பது தொழிலையும் குடும்பத்தையும் துறப்பதன்று." வேதாகம உதாரணங்களுடன் ஆராய்க.

குறிப்பு: (iii) ஆம் வினாவுக்கு விடையெழுதும்போது பெயர்களை மட்டும் நிரற்படுத்தாதீர்கள். ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்தவற்றை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதை ஒரு வாக்கியத்திலாவது விளக்குங்கள்.