தண்டவாளம் மாற்றிய தலைநகரங்கள்

கொரியாவின் கொங்ஜு பழம்பெரும் ஊர். 475 முதல் 538 வரை பெக்ஜே அரசின் தலைநகர். பிறகு ஜோசான் மன்னர்கள் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, சுங்சோங் மாகாண ஆளுநர் இங்கிருந்துதான் நிர்வாகம் செய்தார். அப்போது அருகிலிருந்த தேஜோன் வெறும் வயல்வெளிக் கிராமம்.

1905-ல் ஜப்பானியர் திறந்த சியோல்–பூசான் ரயில் பாதை, கொங்ஜுவை விட்டுவிட்டுத் தேஜோன் வழியாகப் போனது. 1910-ல் நாடே ஜப்பானின் காலனியாயிற்று. 1914-ல் மோக்போ துறைமுகத்துக்கான பாதையும் தேஜோனில் பிரிய, அது பெரிய ஜங்ஷனாகிவிட்டது. நிலையத்தைச் சுற்றிக் குடியேறிய ஜப்பானியரின் செல்வாக்கு வளர்ந்தது. மாகாண அலுவலகத்தை அங்கே மாற்றத் தீர்மானித்தபோது கொங்ஜு மக்கள் எதிர்த்துப் போராடினார்கள், பலனில்லை. 1932-ல் அலுவலகம் போயே போய்விட்டது. ஈடாகக் கொங்ஜுவுக்குக் கிடைத்தது கும் ஆற்றின்மேல் ஓர் இரும்புப் பாலம்.

ஆட்சியின் முகமும் மாறியது. பழைய ஆளுநர் அலுவலகம் என்றால் வாயில், முற்றம், ஓட்டுக்கூரை போட்ட மர மண்டபம். தேஜோனில் எழுந்ததோ மேற்கத்தியப் பாணிச் செங்கல் மாளிகை. ரயில் நிலையத்திலிருந்து நேராக வரும் சாலை, சுமார் ஒரு கிலோமீட்டரில் அதன் வாசலில் முடிகிறது. ரயிலுக்கும் அதிகாரத்துக்கும் இருந்த உறவை நகரத்தின் வரைபடமே சொல்லிவிடும்.

தென் கியோங்சாங் மாகாணத்திலும் இதே கதை. 1925-ல் ஜின்ஜுவிடமிருந்து தலைநகர்ப் பதவி துறைமுக நகரமான பூசானுக்குப் போனது.

1945-ல் விடுதலை. சியோலில் கியோங்போக் அரண்மனையை மறைத்துக்கொண்டு நின்ற காலனி அரசின் தலைமைச் செயலகத்தை 1995-ல் இடிக்கத் தொடங்கி, மறு ஆண்டு தரைமட்டமாக்கினார்கள். மாகாணக் கட்டடங்களுக்கு வாய்த்த விதி வேறு. 1950-ல் கொரியப் போர் மூண்டு சியோல் வீழ்ந்தபோது, தப்பிவந்த அரசு முதலில் தேஜோன் மாளிகையிலும் பிறகு பூசானில் இருந்த மாகாண அலுவலக மாளிகையிலும் இயங்கியது. அடக்கி ஆளக் கட்டியவை, சுதந்திர நாட்டுக்கே புகலிடமாயின. பின்னாளில் இரண்டும் அருங்காட்சியகங்களாயின.

கட்டடத்தை இடிக்கலாம், காட்சிக்கும் வைக்கலாம். ஊர்களின் இடமாற்றத்தைத் திருப்ப முடிந்ததா? 1983-ல் பூசானை விட்டுக் கிளம்பிய மாகாண அரசு ஜின்ஜுவுக்குத் திரும்பவில்லை. புதிதாக எழுந்த சாங்வோனுக்குப் போனது. 2012-ன் இறுதியில் தேஜோனை விட்டுக் கிளம்பிய மாகாண அரசும் கொங்ஜுவை நாடவில்லை. நேபோ என்ற புது நகருக்குப் போனது. பெக்ஜே காலக் கோட்டையும் கல்லறைகளும் 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதால் கொங்ஜுவுக்கு உலகப் பெயர் கிடைத்திருக்கிறது. தலைநகர்ப் பதவி மட்டும் திரும்பவில்லை. காலனி ஆட்சி விட்டுச் சென்றவற்றில் மிக உறுதியானது செங்கல் அல்ல. எந்த ஊர் வளர வேண்டும், எது தேய வேண்டும் என்று அது எடுத்த முடிவுதான்.