முகத்திற்கு ஏற்ற சவரக் கத்தி எது?

முகச் சவரம் ஆடவரின் அன்றாட வேலைகளுள் ஒன்றாகும். ஆயினும் நம்மவருள் பலருக்கு அது தீராத வேதனையாகவே இருந்து வருகிறது. சவரம் செய்த ஓரிரு நாட்களில் கழுத்திலும் தாடையின் கீழும் சிறு கொப்புளங்கள் தோன்றுகின்றன. எரிச்சலும் அரிப்பும் உண்டாகின்றன. நாளடைவில் அவ்விடங்கள் கறுத்துத் தடித்துப் போகின்றன. விடியுமுன் மரம் சீவச் செல்லும் தொழிலாளருக்கு வியர்வை பட்டதும் எரிச்சல் மேலும் கடுமையாகிறது. பலர் இதனை முகப்பரு என்றும் சூட்டுக் கொப்புளம் என்றும் கருதிக் களிம்பு தடவி வருகின்றனர். உண்மையில் இவற்றுள் பெரும்பாலானவை, நாம் கையாளும் சவரக் கத்தியினாலும் சவரம் செய்யும் முறையினாலும் விளைபவையே.

ரோமம் தோலுக்குள் வளர்வது ஏன்?

சுருண்ட ரோமம் உடையவர்க்கே இத்தொல்லை மிகுதியாக வருகிறது. சவரம் செய்தபின் ரோமத்தின் நுனி ஈட்டி முனைபோல் கூர்மையாகி விடுகிறது. அது வளரும்போது வளைந்து, அருகிலுள்ள தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. மிக ஒட்ட மழித்துவிட்டாலோ ரோமம் தோலுக்கு அடியிலேயே நின்று, வெளியே வராமல் ரோமக்காலின் பக்கச் சுவரைக் குத்துகிறது. உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பே வீக்கமாகவும் கொப்புளமாகவும் தோன்றுகிறது.

பால்வெட்டுத் தொழிலாளர் இதனை எளிதில் உணரலாம். உளி பட்டையோடு நிற்க வேண்டும். ஆழ இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அங்கே காயம் ஏற்பட்டு, புதுப்பட்டை மேடு பள்ளமாகவே வளரும். முகமும் அவ்வாறே. ஆழ மழிப்பது அழகன்று. அளவோடு மழிப்பதே நன்று.

அலகுகள் பெருகிய கதை

அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1903-ஆம் ஆண்டில் தமது பாதுகாப்புச் சவரக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தேய்ந்த பிளேடை எறிந்துவிட்டுப் புதியது பொருத்தும் முறை அதனால் பரவிற்று. 1971-இல் இரட்டை அலகுக் கத்தியும், 1998-இல் மூன்று அலகுக் கத்தியும், 2006-இல் ஐந்து அலகுக் கத்தியும் அந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தன.

இரட்டை அலகின் செயல் இதுவே: முதல் அலகு ரோமத்தைச் சற்று வெளியே இழுக்கிறது, அது மீண்டும் உள்ளே செல்லுமுன் அடுத்த அலகு அதனை வெட்டுகிறது. வெட்டுண்ட ரோமம் தோலுக்கு அடியில் சென்று விடுகிறது. நேரான ரோமம் உடையவருக்கு இதனால் தீங்கு குறைவு. சுருண்ட ரோமம் உடையவருக்கோ தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

எதனை வாங்குவது?

செபராங் பிறை, கெடா வட்டாரத் தோட்டங்களிலிருந்து பெர்ரி ஏறிப் பினாங்கு துறைமுகத்திற்குச் செல்வோர், லிட்டில் இந்தியா கடைகளில் சவரக் கத்தி வாங்க நேரிடலாம். அங்கே அலகுகளின் எண்ணிக்கையையோ விளம்பரத்தையோ பார்த்து மயங்க வேண்டியதில்லை. தம் தோலின் இயல்பை அறிந்து வாங்குவதே முறை.

கொப்புளம் அடிக்கடி வருவோர் ஒற்றை அலகு உடைய கத்தியைத் தேர்வது நலம். பிளேடு மாற்றத்தக்க பழைய வகைக் கருவியே போதுமானது. அதன் பிடி பல ஆண்டு உழைக்கும், பிளேடும் மலிவு. கொப்புளம் மிகக் கடுமையாக உள்ளவர்க்கு, சுமார் ஒரு மில்லிமீட்டர் ரோமத்தை விட்டுவைக்கும் மின்சார டிரிம்மர் இன்னும் ஏற்றது. எக்கத்தியாயினும் ஐந்து முதல் ஏழு சவரங்களுக்குள் பிளேடை மாற்றிவிட வேண்டும். மழுங்கிய பிளேடு ரோமத்தை வெட்டாமல் பிடுங்கும். நம் கையும் அதனை அழுத்தத் தொடங்கும்.

சவரம் செய்யும் முறை

நல்ல கத்தியும் தவறான கையில் தீங்கே செய்யும். வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் மழிப்பதினும், மாலையில் குளித்தபின் மழிப்பது மேல். தோல் இரவெல்லாம் ஆறியிருக்கும். காலை வியர்வை எரிக்காது. முகத்தை வெந்நீரால் சில நிமிடம் நனைத்து, சவர சோப்பை நன்கு தடவி, ரோமம் இளகியபின் தொடங்குக. ரோமம் வளரும் திசையிலேயே கத்தியை இழுக்க வேண்டும். கழுத்தில் அத்திசை இடத்திற்கிடம் மாறும். விரலால் தடவி அறிந்துகொள்க. தோலை இழுத்துப் பிடித்தலும், அழுத்துதலும், ஒரே இடத்தைப் பன்முறை மழித்தலும் கூடா.

கொப்புளம் மிகுந்திருந்தால் சில வாரங்கள் சவரத்தை நிறுத்தி வைப்பது நல்ல மருந்தாகும். ஊசியாலோ நகத்தாலோ குத்திக் கிளறலாகாது. சீழ் கட்டினாலும், தழும்பு தடித்து வளர்ந்தாலும் கிளினிக்கிற்குச் செல்க.

ஒருவர் கத்தி ஒருவருக்கே

தந்தையும் மகனும் ஒரே கத்தியால் மழித்துக்கொள்ளும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இது கைவிடத்தக்கது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியிலும் ஹெப்பாடிட்டிஸ் பி கிருமி இருக்கக்கூடும். அது உடலுக்கு வெளியே ஏழு நாட்கள் வரை உயிர்ப்புடன் இருக்க வல்லது. நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இந்நோய்த் தடுப்பூசி போடும் திட்டம் 1989-இல் தொடங்கிற்று. அதற்கு முன் பிறந்தோர் குழந்தைப் பருவத்தில் அப்பாதுகாப்பைப் பெற்றவர் அல்லர்.

முடிதிருத்தும் நிலையத்திலும் இந்த விழிப்பு வேண்டும். தைப்பூசத்தின்போது பினாங்கு தண்ணீர்மலைக்குச் சென்று முடிக் காணிக்கை செலுத்துவோர், தமக்கும் தம் குழந்தைகளுக்கும் புதிய பிளேடை உறையிலிருந்து கண்முன்னே பிரித்துப் பொருத்துமாறு கேட்க வேண்டும். பலர் முகத்தில் தேய்த்த படிகாரக் கட்டியையும் தவிர்க்க வேண்டும். இவ்வாறு கேட்பது தொழில் செய்பவரை அவமதிப்பதாகாது. அவருக்கும் அது பாதுகாப்பே.

ஒற்றை அலகு, கூரிய பிளேடு, மென்மையான கை, தனக்கென ஒரு கத்தி: இந்நான்கையும் கடைப்பிடிப்போருக்குச் சவரம் வேதனையாக இராது. பெருஞ்செலவின்றி எவரும் இன்றே தொடங்கத்தக்க நற்பழக்கம் இது.