உறையூர்ச் சேலையும் ஊர்ப் பெயரின் உரிமையும்

உறையூர்ப் பருத்திச் சேலைக்கு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை அங்கத்தினர்கள் அறிவர். "அதனால் தறிக்காரனுக்கு என்ன லாபம்?" என்று சங்கங்களில் நம்மிடம் பலர் வினவுகின்றனர். நியாயமான கேள்வியே.

இக்குறியீடு காப்பது பெயரை. நெசவு முறையை அன்று. வேற்றூரார் இதே மாதிரிச் சேலையை நெய்யலாம். அதனை உறையூர்ச் சேலையென்று சொல்லி விற்கலாகாது. ஓர் ஊரின் கீர்த்தி தனி ஒருவரின் சொத்தன்று. ஆதலால் இவ்வுரிமையை விற்கவோ, அடகு வைக்கவோ, பிறருக்கு எழுதிக் கொடுக்கவோ 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தரவில்லை.

இனி, அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம். சென்னைப் பதிவகத்தின் ஏட்டில் இரு பகுதிகள் உண்டு. முதற்பகுதியில் பொருளின் பெயரும், அதனைப் பதிவு செய்த அமைப்பின் பெயரும் இருக்கும். இரண்டாம் பகுதியில் இருப்பவை, அதைப் பயன்படுத்த அங்கீகாரம் பெற்றோரின் பெயர்கள். குறியீட்டைத் தம் சரக்கில் பொறிக்கும் தனியுரிமை இந்த இரண்டாம் பகுதியினருக்கே உரியது. அமைப்பு பதிவு செய்துவிட்டது என்று வாளாவிருந்தால், நெய்தவருக்கு அந்த உரிமை வாராது. மற்றொன்று: 'உற்பத்தியாளர்' என்னும் சொல்லில் அச்சரக்கை விற்கும் வணிகரையும் சட்டம் சேர்த்துள்ளது. நெசவாளர் தயங்கினால் ஏட்டில் வியாபாரிகளின் பெயர்களே நிறையும்! பவானி ஜமக்காளம் 2005-06-இலேயே பதிவாயிற்று. அதன் பின்னரும் விசைத்தறிச் சரக்கு அப்பெயரில் சந்தைக்கு வந்தது. ஏட்டில் பெயருள்ளவரே வழக்குத் தொடர முடியும். 2023-இல் குறியீடு பெற்ற நம் மாவட்டத்து மணப்பாறை முறுக்குக்கும் இதே விதிதான்.

பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்றவர் காலமானால் உரிமை வாரிசைச் சேரும்.

ஸ்ரீரங்கத்து வாழை, நெல் சாகுபடிக்காரருக்கு வேறொரு சட்டம் உண்டு. பயிர் ரகங்களுக்கான 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறர் பதிவு செய்த ரகமாயினும் தம் வயலில் விளைந்த விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் விவசாயிக்கு உரிமையுண்டு. வணிகப் பெயரிட்டு விதையாக விற்பதற்கு மட்டுமே தடை.

நெசவாளர் அங்கீகாரம் கோரி விண்ணப்பிக்கையில், தாமே நெய்பவர் என்பதற்குச் சான்று வேண்டியிருக்கும். சங்கத்தில் நூல் வாங்கிய கணக்கும், சேலை ஒப்படைத்த கணக்கும் அதற்கு உதவும். தம் பெயரில் அவை சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று அங்கத்தினர் இப்போதே பார்த்துக்கொள்வது நலம்.