கடைசியில் அழைக்கப்பட்டவர்

ஆஸ்திரேலியக் கால்பந்தில், இளம் வீரர் தமக்குப் பிடித்த குழுவைத் தாமே தேர்ந்துகொள்வதில்லை. ஆண்டு இறுதியில் குழுக்கள் முறைவைத்து இளைஞர்களைப் பெயர்சொல்லி அழைக்கின்றன. முந்தைய பருவத்தில் கடைசி இடம் பெற்ற குழுவுக்கே பொதுவாக முதல் அழைப்பு. (இது நல்ல ஏற்பாடு!) அதில் எவரும் கேட்காத பெயர்களுக்கு 'ரூக்கி' எனப்படும் பயிற்சி வீரர் தேர்வு உண்டு.

2010-ஆம் ஆண்டு இறுதியில், மெல்பர்ன் நகரின் மேற்குப் பகுதிக் குழுவான வெஸ்டர்ன் புல்டாக்ஸ், அத்தேர்வின் 39-வது அழைப்பில் ஓர் இளைஞரை எடுத்தது. அவர் பெயர் ஜேசன் ஜோஹானிசன், வயது 18. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பெர்த் நகரில் வளர்ந்தவர்.

இத்தகையவரை இரசிகர்கள் எதை நம்பி வரவேற்கிறார்கள்? முதல் அழைப்பில் வருபவருக்குக் கிடைக்கும் வரவேற்பில் பாதி எதிர்பார்ப்புதான். அது பொய்த்தால் ஏச்சும் வரும். கடைசியில் வருபவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. நம் குழுவின் சட்டையை அணிந்துவிட்டான், இனி நம் பையன், அவ்வளவே. இப்படி வருபவர்களில் சிலர் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வீடு திரும்புவதுண்டு. அதை அறிந்தே கைதட்டும் இரசிகரின் வரவேற்பே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

புல்டாக்ஸ் இரசிகர்களுக்குக் காத்திருப்பது புதிதல்ல. 1954-க்குப் பின் அவர்கள் கோப்பையைக் கண்டதில்லை. 2016 அக்டோபர் 1 அன்று சிட்னி குழுவை 22 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்று அதைப் பெற்றார்கள். இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்குரிய நார்ம் ஸ்மித் பதக்கம் ஜோஹானிசனுக்கு வழங்கப்பட்டது. அன்று அவருடன் ஆடிய மேத்யூ பாய்டும் ரூக்கி தேர்வில் வந்தவரே.