அழகக்கோனாரின் அம்மம்மா பெயர் என்ன?

பிள்ளைகளே, ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன்னால் நம் சிலாபத்தில் ஒரு படை பாளயமிட்டிருந்தது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படை அது. கொழும்பு, வத்தளை, நீர்கொழும்பு, சிலாபம் என்று நாலு கரையிலும் அவருடைய ஆட்கள் இருந்தார்கள். அவருக்கு வரிகூடப் போய்க்கொண்டிருந்தது. கம்பளை அரசின் அமைச்சர் ஒருவர் இதைப் பொறுக்கவில்லை. வரி வாங்க வந்தவர்களைத் தூக்கில் போட்டார், நாலு பாளயங்களையும் அடித்துக் கலைத்தார் என்று பழைய சிங்கள நூல்கள் சொல்கின்றன. அந்த அமைச்சர்தான் நிசங்க அழகக்கோனார். இன்று நாடாளுமன்றம் இருக்கிற கோட்டையில், சதுப்பு நிலத்துக்கு நடுவே முதன்முதலில் மதில் எழுப்பியவரும் அவரே.

அவர் அரச குலத்தில் பிறந்தவரல்லர். தென்னிந்தியாவின் வஞ்சியிலிருந்து வந்து ரைகமையில் குடியேறிய குடும்பம் அவருடையது. வணிகம் செய்து செல்வமும் பதவியும் தேடிக்கொண்டவர்கள். அந்த வஞ்சி கேரளத்தில் உள்ளதா, காஞ்சியைத்தான் அப்படி எழுதிவிட்டார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 1344இல் இபின் பதூதா என்ற மொரோக்கோ நாட்டுப் பயணி புத்தளத்தில் இறங்கிச் சிவனொளிபாதமலைக்குப் போனார். வழியில் 'பந்தர் சலாவாத்' என்ற சிறு பட்டினத்தைக் கடந்ததாக எழுதினார். அது நம் சிலாபம்தான் என்பது அறிஞர் கருத்து. அதற்கப்பால் குனார் என்றொரு தலைவனைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அந்தப் பெயருக்குள் 'கோனார்' ஒளிந்திருக்கிறது என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த வீர அழகேசுவரன், சீனக் கப்பற்படைத் தளபதி செங் ஹவுடன் மோதினான். 1411இல் பிடிபட்டான். கப்பலேற்றிச் சீனத் தலைநகருக்கே கொண்டுபோய்விட்டார்கள். சீனப் பேரரசர் அவனை மன்னித்துத் திருப்பி அனுப்பினார். ஆனால் குடும்பத்தின் செல்வாக்கு அத்தோடு சரிந்தது.

அண்ணன், தம்பி, மகன், மருமகன் என்று இந்த வம்சத்தைப் பற்றி நான் தேடித்தேடி வாசித்திருக்கிறேன். எல்லாம் ஆண்களின் பெயர்கள். நிசங்க அழகக்கோனாரின் அம்மாவைப் பெற்ற அம்மம்மா யார்? எந்த ஏட்டிலும் அந்தப் பெயரை நான் காணவில்லை.

ஏட்டில் இல்லாத அந்த அம்மம்மாவுக்கு உடம்பில் ஓர் இடம் உண்டு. நம் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும் சக்தி வேண்டும். அதைத் தருபவை கலத்துக்குள் மிதக்கும் இழைமணிகள். இழைமணிக்கென்று தனியாக ஒரு குட்டி டிஎன்ஏ, அதாவது பரம்பரைக் குறிப்பு, இருக்கிறது. அதில் ஏறக்குறைய 16,569 எழுத்துகள். குழந்தை உருவாகும்போது இந்த இழைமணிகள் தாயின் முட்டையிலிருந்துதான் வருகின்றன. அண்ணனுக்கும் தங்கைக்கும் அம்மா கொடுத்தது ஒன்றே. அண்ணனால் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது, தங்கையால் முடியும். உங்கள் இழைமணி அம்மாவுடையது, அம்மம்மாவுடையது, அவருடைய அம்மாவுடையது. எப்போதாவது ஓர் எழுத்து மாறும். மற்றபடி அப்படியே வரும்.

ஆண்களுக்கு இன்னொரு டிஎன்ஏ இழை உண்டு, அதன் பெயர் வை நிறமூர்த்தம். அது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும்.

இந்த இரண்டையும் வைத்து இங்கிலாந்தில் ஒரு பெரிய வேலை செய்தார்கள். மூன்றாம் ரிச்சர்ட் அந்த நாட்டின் அரசன். 1485இல் போர்க்களத்தில் செத்தான். 2012இல் லெஸ்டர் நகரத்தில் வாகனங்கள் நிறுத்தும் இடம் ஒன்றைத் தோண்டியபோது, முதுகெலும்பு வளைந்த ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. இது அவன்தானா? ரிச்சர்டுக்கு இன்றுவரை தொடரும் பிள்ளைவழி இல்லை. ஆனால் ஆன் என்றோர் அக்கா இருந்தாள். அவளுடைய மகள், அந்த மகளின் மகள் என்று பழைய பதிவுகளில் பிடித்துக்கொண்டே வந்தார்கள். 500 ஆண்டுகளைத் தாண்டி, லண்டனில் மேசை நாற்காலி செய்யும் ஒரு தச்சரிடம் வந்து நின்றார்கள். அவர் வாயிலிருந்து எடுத்த மாதிரியும் எலும்பிலிருந்து எடுத்த இழைமணி டிஎன்ஏயும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தின. அரசனை அடையாளம் காட்டியது அவனுடைய தாய் செசிலியின் வழி.

தகப்பன்வழி என்ன ஆயிற்று? ரிச்சர்டுக்கும் போஃபர்ட் பிரபுக்களுக்கும் மூன்றாம் எட்வர்ட் மன்னன் பொது மூதாதை என்று வம்சாவளி சொல்கிறது. அந்தப் பிரபு வம்சத்தில் இன்று வாழும் ஐந்து ஆண்களைச் சோதித்தார்கள். ஒருவருடைய வை நிறமூர்த்தமும் ரிச்சர்டுடையதோடு ஒத்துப்போகவில்லை. நடுவில் எங்கோ, தகப்பன் என்று ஏட்டில் எழுதப்பட்டவர் பெற்ற தகப்பன் இல்லை. எந்தத் தலைமுறையில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரையும் குறைவாக நினைக்காதீர்கள். அழகக்கோனார் குடும்பத்துக்குப் பின் கோட்டையை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவை நமக்குத் தெரியும். முன்னேஸ்வரத்துக்கு அவர் கொடுத்த மானியத்தைச் சொல்லும் கல்வெட்டு கோயிலில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தை அவருக்காக வென்று கொடுத்தவன் செண்பகப்பெருமாள், அவருடைய வளர்ப்பு மகன். அவனே பின்னர் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டைக்கு அரசனானான். வளர்த்தவரும் தகப்பன்தான். அந்த உறவை டிஎன்ஏயில் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு கணக்கு. உங்களுக்குப் பெற்றோர் 2 பேர். தாத்தா பாட்டிமார் 4. பூட்டன் பூட்டிமார் 8. தலைமுறைக்குத் தலைமுறை இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒரு தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வைத்தால், வீர அழகேசுவரன் காலத்துக்கு ஏறத்தாழ 20 தலைமுறை. அந்த வரிசையில் மட்டும் 10,48,576 இடங்கள்! இழைமணி காட்டுவது அதில் ஒரேயொரு பெண்ணை. வை நிறமூர்த்தம் காட்டுவது ஒரேயொரு ஆணை. மற்றப் பத்து லட்சம் இடங்களில் இருந்தவர்களைப் பற்றி இவை இரண்டும் வாயே திறக்கா.

பத்து லட்சம் இடம் என்றால் பத்து லட்சம் வெவ்வேறு ஆட்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நம் வீடுகளில் மச்சானும் மச்சாளும் கலியாணம் செய்வது உண்டு அல்லவா? சொந்த மாமன் மகளைக் கட்டினால், அவர்கள் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டிமார் 8 பேர் இல்லை, 6 பேர்தான். இரண்டு பேர் இரண்டிரண்டு இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் போகப்போக இப்படி ஒருவரே பல இடங்களைப் பிடித்துக்கொள்வார். அதனால் வம்சம் என்பதை நான் ஏணியாக நினைப்பதில்லை. களப்பில் வீசுகிற வலையாக நினைக்கிறேன். எந்தக் கண்ணைப் பிடித்து இழுத்தாலும் பக்கத்துக் கண்ணும் சேர்ந்து வரும்.

மட்டக்களப்புப் பக்கத்தில் 'உன் குடி என்ன?' என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வார்கள். அங்கே குடி தாய்வழியாக வருகிறது. இழைமணி போகிற அதே பாதை! நுணுக்குக்காட்டி கண்டுபிடிக்குமுன்பே வந்த வழக்கம் இது.

இந்த வாரம் ஒரு கொப்பியில் உங்கள் அம்மாவின் பெயரை எழுதுங்கள். அதற்கு மேலே அம்மம்மா. அதற்கும் மேலே அவருடைய அம்மா, அவர் பிறந்த ஊர். வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டால்தான் இது வரும், பிறப்புச் சான்றிதழில் அவ்வளவு தூரம் இராது. நானும் எழுதிப் பார்த்தேன். அம்மா சிலாபம், அம்மம்மா முந்தல், அவருடைய அம்மா உடப்பு. அதற்கு மேலே ஒரு பெயர் மட்டும் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. உடப்பில் ஒரு வயதான பெரியம்மா இருக்கிறார். அடுத்த ஞாயிறு அவரிடம் போகிறேன்.