பரண் மேல பாட்டி குரல்... சி.டி.யில ஏத்தலாமா?

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும் பாருங்க. அதுல பேர் எழுதாத கேசட் நாலஞ்சு கிடக்கும். ஒண்ணுல அத்தை கல்யாண நாதஸ்வரம், இன்னொண்ணுல அப்பா காலேஜ் ஆண்டு விழாவுல பாடினது, மூணாவதுல இப்போ நம்மகூட இல்லாத பாட்டியோட தாலாட்டு. கடையில வாங்கின பாட்டு போனா வேற வாங்கிக்கலாம். இது போனா போனதுதான்!

கம்ப்யூட்டர் பக்கமே போகாம, டேப் டெக்ல இருந்து ஒரு ஒயர் இழுத்து, பட்டனைத் தட்டினா சி.டி. ரெடி ஆகணும்னு நினைக்கிறவங்களுக்காக வந்ததுதான் ஆடியோ சி.டி. ரெக்கார்டர். 1997-ல் பிலிப்ஸ் விட்ட சி.டி.ஆர். 870, வீட்டு உபயோகத்துக்குன்னு வந்த ஆரம்பகால மாடல்கள்ல ஒண்ணு. பயனியர், மராண்ட்ஸ், யமஹான்னும் வரிசை கட்டினாங்க. இன்னைக்கு இதுல பெரும்பாலானது செகண்ட் ஹேண்ட்லதான் சிக்கும். ஸோ, எந்த கம்பெனிங்கிறதைவிட, அந்தப் பெட்டி எவ்வளவு உழைச்சிருக்குங்கிறதுதான் முதல் கேள்வி.

மேட்டர் என்னன்னா, சி.டி.யைப் படிக்கிறதுக்கு லேசருக்குக் கொஞ்சம் சக்தி போதும். எழுதுறதுக்குப் பல மடங்கு வேணும். டிஸ்க்ல இருக்கிற சாயப் பூச்சைச் சூடாக்கித்தான் அது பதிவு பண்ணுது. வயசான லேசர் ஜம்முனு பாடும், எழுதச் சொன்னா பாதியில காலை வாரும். "சார், எப்படிப் பாடுது பாருங்க"ன்னு விக்கிறவர் போட்டுக் காட்டுறாரே, அது பாதி டெஸ்ட்கூட இல்லை. ஒரு காலி டிஸ்க்கைக் கையோட எடுத்துட்டுப் போங்க. ஒரு பாட்டு பதிஞ்சு பார்த்துட்டு வந்துடாதீங்க. சி.டி. உள்வட்டத்துல ஆரம்பிச்சு வெளி ஓரத்துக்குப் போகும். தகராறு பெரும்பாலும் அந்த ஓரத்துலதான். அதனால முழு டிஸ்க்கையும் ஓட விடுங்க. விக்கிறவர் முறைப்பார், டீ சொல்லிச் சமாளிங்க! அப்புறம் 'ஃபைனலைஸ்' பண்ணச் சொல்லுங்க. பொருளடக்கம் எழுதி முடிக்கிற வேலை அது. அது இல்லைன்னா சாதாரண பிளேயர்ல டிஸ்க் பாடாது. கடைசியா, வேற ஒரு பழைய பிளேயர்ல போட்டுக் கேளுங்க.

அடுத்த வில்லங்கம், காலி டிஸ்க். வீட்டு உபயோக மாடல்கள் கம்ப்யூட்டருக்கு வாங்குற சி.டி.-ஆரைத் தொடவே தொடாது. 'மியூசிக்'னு தனியா விக்கிற டிஸ்க்தான் வேணும். அமெரிக்காவுல 1992-ல் வந்த ஒரு சட்டப்படி, அந்த டிஸ்க் விலையிலேயே இசை உலகத்துக்கு ஒரு பங்கு போகும். டிஸ்க்லயே ஒரு ரகசியக் குறி இருக்கும், மெஷின் அதைப் பார்த்துட்டுத்தான் உள்ள விடும். டாஸ்காம் மாதிரி ஸ்டுடியோ ரகங்களுக்கு இந்த வம்பு கிடையாது. காலி டிஸ்க்குக்குப் பேர்போன ஜப்பானின் தையோ யூடென் 2015-ல் அந்தத் தொழிலை விட்டாச்சு. நம்ம ஊர்ல படம் படமா சி.டி. வித்த மோசர் பேயரைக் கலைக்கச் சொல்லி 2018-ல் உத்தரவாச்சு. மியூசிக் டிஸ்க் தேடி அலையுறதைவிட, சாதா டிஸ்க்கை ஏத்துக்கிற மாடலா பாருங்க என்பேன்.

யமஹா சி.டி.ஆர்-ஹெச்.டி. வரிசையில ஹார்டு டிஸ்க்கே உண்டு. முதல்ல அதுல பதிஞ்சுட்டு அப்புறம் சி.டி.க்கு மாத்தலாம். நைஞ்சுபோன கேசட் ஒரு தடவைதான் ஓடும்னு இருக்கிறப்போ இது பெரிய வரம். சி.டி. சொதப்பினாலும் டேப்பை மறுபடி ஓட்ட வேண்டாமே! ஆனா அந்த ஹார்டு டிஸ்க்குக்கும் வயசாகியிருக்கும், மறந்துடாதீங்க.

இறக்குமதி மெஷின்னா பின்பக்கம் வோல்டேஜைப் பாருங்க. அமெரிக்க மாடல் 120 வோல்ட், ஜப்பான் மாடல் 100. நேரா நம்ம 230-ல் சொருகினா புகைதான்.

பதியுறப்போ ரெண்டு விஷயம். ஒலி அளவைக் கையால திருகி வைக்கிற வசதி கட்டாயம் வேணும். டேப்ல முள் கொஞ்சம் சிவப்புக்குப் போனா மன்னிச்சிடும், டிஜிட்டல்ல பூஜ்யம் டெசிபலைத் தாண்டினா கரகரதான். ரெண்டாவது, 'ஆட்டோ டிராக்'கை அணைச்சிடுங்க. இல்லைன்னா பாட்டி தாலாட்டுக்கு நடுவுல கொஞ்சம் நிறுத்துற இடத்துலயெல்லாம் புது டிராக் போட்டு வெச்சிரும்!

முதல்ல ஏதாவது பழைய சினிமாப் பாட்டு கேசட்ல கை பழகுங்க, பாட்டி கேசட் கடைசியா வரட்டும். முடிஞ்சதும் அந்த சி.டி.யை ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்து சித்தி வீட்டுலயும் ஒண்ணு குடுத்து வைங்க. டிஸ்க் மேல பேர் எழுத பால்பாயின்ட் பேனா வேணாம், மேல் பக்கம் கீறல் விழுந்தா உள்ள இருக்கிற பதிவு போயிடும். சி.டி.க்குன்னே விக்கிற மார்க்கர் வாங்கிக்கோங்க.