மறுபடியும் வாள், மறுபடியும் மெத்தை

பள்ளியோடு விட்ட வாள்வீச்சையும் ஜூடோவையும் நடுவயதில் தொட ஆசைப்படுகிறவர்களுக்கு உடம்பு ஒரு தடை. எதிராளி கிடைக்காதது அதைவிடப் பெரிய தடை.

பெங்களூரில் அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவே, ஓல்டு மெட்ராஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது மர்பி டவுன். கன்டோன்மென்ட் காலத்தில் தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு. முதலில் நாக்ஸ்பேட்டை என்று பெயர். பிறகு மர்பி என்ற பொறியாளரின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. இதன் குறுகலான தெருக்களில் இன்றும் தமிழ் சத்தமாகவே கேட்கும். ஒரு பக்கம் அல்சூர் ஏரியும், 1780ல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையமும். அந்தப் படை வீரர்களுக்கு ராணுவத்தில் 'தம்பி' என்றே பெயர். மறுபக்கம் இந்திராநகரின் ஜிம்களும் தற்காப்புக் கலைக் கூடங்களும். இங்கே வாடகைக்கு இருக்கும் மென்பொருள்காரருக்கு உடற்பயிற்சி செய்ய இடம் கிடைக்காமல் இல்லை. ஆனால் பள்ளியில் பாதியில் விட்ட ஒரு விளையாட்டை, பதக்கமும் சான்றிதழும் வேண்டாம், ஆடினால் போதும் என்று மறுபடி ஆட ஓர் இடம் தேடினால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஓடுவதற்கு ஒரு ஜோடி ஷூ போதும். நீச்சலுக்குக் குளம் போதும். வாள்வீச்சுக்கும் ஜூடோவுக்கும் எதிரே ஓர் ஆள் வேண்டும். அவரும் சுமாராக நம் எடையில், நம் தரத்தில் இருக்க வேண்டும். நம்மை அடிக்கவும் தூக்கி எறியவும் சம்மதிக்க வேண்டும். நாளைக்கும் வர வேண்டும். இப்படிப் பத்துப் பேரை ஒரே கூரையின்கீழ் சேர்ப்பதுதான் கிளப். அதனால்தான் பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு கிளப் திறந்திருக்கிறது என்ற செய்தி, பழைய வாள்வீச்சுக்காரருக்கோ ஜூடோக்காரருக்கோ, புது ஓட்டல் திறந்த செய்தியைப் போல சாதாரணமாகப் படுவதில்லை.

இப்படித் திரும்பி வர நினைப்பவர்கள் யார்? சென்னை முருக தனுஷ்கோடி பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 2004ல் வாள்வீச்சுக்குப் பெயர் கொடுத்த சிறுமிகளில் ஒருவர் பவானி தேவி. மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் மிச்சமிருந்த வாள்வீச்சு அவருக்கு வந்தது. மின்சார வாள் விலை அதிகம் என்பதால் ஆரம்பப் பயிற்சி மூங்கில் குச்சியில்தான். பின்னர் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையம், அதன்பின் இத்தாலி. 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், இந்தியாவிலிருந்து தகுதிபெற்ற முதல் வாள்வீச்சு வீராங்கனையாக முதல் சுற்றில் துனீசியாவின் நாடியா பென் அசிஸியை 15-3 என்று வென்று, அடுத்த சுற்றில் பிரான்ஸின் மனோன் புரூனேயிடம் 7-15ல் தோற்றார். 2023ல் சீனாவின் வூஷியில் நடந்த ஆசியப் போட்டியில் உலக சாம்பியன் மிசாகி எமுராவை வீழ்த்தி வெண்கலம் பெற்றார். இந்தக் கதை ஊரறிந்தது. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வாள் பிடித்து, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று போய், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட் கிடைத்ததும் வாளைப் பரணில் போட்டவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை. அவர்களுக்கு இப்போது வயது முப்பதுக்கு மேல். வேலைக்காக அவர்களில் பலர் வந்து சேரும் ஊர் பெங்களூர்.

ஜூடோவின் கதை இதைவிடப் பழையது. டோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலில் 12 பாய் விரித்து, ஒன்பது மாணவர்களுடன் ஜிகோரோ கானோ இதைத் தொடங்கியது 1882ல். இந்தியாவுக்கு இதைத் தேடி அழைத்து வந்தவர் ஒரு கவிஞர். 1929ல் ஷின்சோ தகாகாகி என்ற ஜப்பானிய ஆசிரியரை சாந்திநிகேதனுக்கு வரவழைத்த ரவீந்திரநாத் தாகூர், மாணவிகளுக்கும் சேர்த்தே பயிற்சி தரச் சொன்னார். ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ பதக்கப் போட்டியானது 1992ல்தான் என்பதை நினைத்தால் அந்தக் கிழவரின் துணிச்சல் புரியும். ஆனால் ஆசிரியரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளப் பணம் இல்லை. கல்கத்தா மாநகராட்சியாவது ஏற்றுக்கொள்ளட்டும் என்று தாகூர் முயன்றும் நடக்கவில்லை. தகாகாகி போய்விட்டார். ஆர்வம் இருந்தும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் மூடும் கிளப்புகளின் வரிசையில் சாந்திநிகேதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இருபது வருடம் கழித்து மெத்தையில் கால் வைப்பவருக்கு முதல் அதிர்ச்சி, ஆட்டமே மாறியிருப்பது. ஜூடோவில் எதிராளியின் காலைக் கையால் பிடித்து வாரிவிடுவது ஒரு காலத்தில் பலரின் பிரதான ஆயுதம். 2010ல் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2013ல் முற்றிலும் தடை. பழைய கை சும்மா இருக்குமா? நெருக்கடி வந்தால் தானாகக் காலைத் தேடிப் போகும். நடுவர் தண்டனை கொடுப்பார். புள்ளிகளிலும் குழப்பம்தான். 'கோகா' 2009லேயே ஒழிந்தது. 'யூகோ' 2017ல் போய் 2025ல் திரும்பி வந்தது. ஒரு விதத்தில் யூகோவும் ஓய்வுக்குப் பின் திரும்பி வந்த ஆசாமிதான்.

வாள்வீச்சில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நடந்தது. அங்கே புள்ளியைத் தீர்மானிப்பது மின்பெட்டி. 'ஃபாயில்' என்ற வாளின் முனை எதிராளியின் உடம்பை எவ்வளவு நேரம் அழுத்தினால் விளக்கு எரியும் என்ற அளவு 2005 வாக்கில் கூட்டப்பட்டது. முன்பு 1 முதல் 5 மில்லி வினாடி போதும். இப்போது 13 முதல் 15. வித்தியாசம் அற்பம்போலத் தெரியும். ஆனால் சாட்டைபோல் வாளை வளைத்து எதிராளியின் முதுகில் தட்டிப் புள்ளி வாங்கிய தலைமுறையின் வித்தை இதில் பெருமளவு காலாவதியானது. 'சேபர்' வாளில் ஒருவர் தொட்ட பிறகு மற்றவரின் அடி எவ்வளவு நேரத்துக்குள் பதிவாக வேண்டும் என்ற அவகாசம் 300 மில்லி வினாடிக்கு மேலிருந்து 120க்குக் குறைந்தது. 2016ல் 170 ஆனது. 1990களில் கற்றவர் தன் பதிலடி சரியாக விழுந்தது என்று சத்தியம் செய்வார். விளக்கு எரியாது. எதிரே நிற்கும் பதினாறு வயதுப் பையன் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டிருப்பான்.

அடுத்தது உடம்பு. திரும்பி வருகிறவரின் ஆபத்து, புதிதாகக் கற்பவரின் ஆபத்தைவிட அதிகம். புதியவருக்கு எதுவும் தெரியாது; மெதுவாகச் செய்வார். பழையவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. இடைவெளி பார்த்துப் பாய வேண்டிய தருணத்தை மூளை சரியாகக் கண்டுபிடித்துவிடும். முன்கால் பாயும், பின்கால் உந்தும். ஆனால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அக்கிலீஸ் தசைநாண் இருபது வயதுக்காரருடையது அல்ல. தசை சில வாரப் பயிற்சியில் வலுவாகிவிடும். தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வார இறுதியில் மட்டும் ஆடும் முப்பது முதல் ஐம்பது வயதுக்காரர்களிடம் இந்தத் தசைநாண் அறுவது அதிகம் என்பது எலும்பு மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். வாள்வீச்சு ஒருபக்க ஆட்டம் என்பதால் முன் தொடையும் வாள் பிடிக்கும் தோளும் மட்டும் அளவுக்கு மீறி உழைக்கும். ஜூடோவில் அடிவாங்குவது முட்டி, தோள்பட்டை, விரல் கணுக்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் டாக்டரிடம் காட்டாமல் இறங்குவது மடத்தனம்.

ஜூடோவில் இதற்கு ஒரு மருந்து உண்டு. விழக் கற்பது. 'உகேமி' என்று பெயர். எந்தக் கூடத்திலும் முதல் பாடம் இதுதான். திரும்பி வருகிறவர்கள் தவிர்க்கப் பார்ப்பதும் இதைத்தான். முகவாயை மார்போடு ஒட்டி, கண்ணை இடுப்பு பெல்ட்டில் பதித்து விழுந்தால் பின்மண்டை தரையில் மோதாது. மூச்சை வெளியே விட வேண்டும். உடம்பு மெத்தையைத் தொடும் அதே நொடியில் கையை விலாவிலிருந்து சற்றே விலக்கி, உள்ளங்கை முதல் முழங்கை வரை பட்டென்று அறைய வேண்டும். விழும் வேகம் அந்த நீளத்தில் பரவிவிடும். விழும்போது கையை ஊன்றித் தாங்கப் பார்ப்பது மனித இயல்பு. மணிக்கட்டும் காறை எலும்பும் உடைவது அந்த இயல்பால்தான். இதை மறந்துவிட்ட உடம்புக்கு மறுபடி பழக்க, ஒரு மாதமாவது யாரும் தூக்கி எறியாமல், தானாகவே விழுந்து எழ வேண்டும். உட்கார்ந்தபடி, பிறகு குந்தியபடி, பிறகு நின்றபடி. பார்ப்பவருக்கு நாற்பது வயது ஆள் தனியாக மெத்தையில் உருண்டுகொண்டிருப்பது வேடிக்கையாக இருக்கும். சுவீடனில் ஜூடோ முறையை வைத்து முதியோருக்கு விழக் கற்றுத்தரும் திட்டமே நடக்கிறது. குளியலறை வழுக்கலுக்குப் பயந்து வாழும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது எப்போது வரும்?

பெல்ட் பிரச்சினை தனி. பழைய பிரவுன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு புது கிளப்புக்குப் போவதா, வெள்ளை பெல்ட்டா? வாங்கிய தரம் காலாவதியாவதில்லை என்பது ஜூடோவின் பொதுவான வழக்கம். ஆனால் பிரவுன் பெல்ட்டைப் பார்த்ததும் எதிராளி பிரவுன் பெல்ட்டுக்குரிய வேகத்தில் எறிவார். பலர் முதல் சில மாதங்கள் வெள்ளையே கட்டுகிறார்கள். ஆசிரியர் சொன்ன பிறகு மாற்றுகிறார்கள். கானோ தன்னை வெள்ளை பெல்ட்டுடன் புதைக்கச் சொன்னதாக ஒரு கதை ஜூடோ கூடங்களில் உலவுகிறது. ஆதாரம் கேட்டால் கிடைக்காது. என்றாலும் கௌரவம் பார்க்காமல் வெள்ளை கட்ட நினைப்பவருக்குக் கைகொடுக்கும் கதை. அசல் உதாரணம் வேண்டுமானால் கெய்கோ ஃபுகுடா இருக்கிறார். கானோவின் குருவுடைய பேத்தி. பெண் என்பதால் பல ஆண்டுகள் ஐந்தாம் டானிலேயே நிறுத்தப்பட்ட அவர், 2011ல் அமெரிக்க ஜூடோ அமைப்பின் பத்தாவது டான் பெற்றார். 2013ல் 99 வயதில் இறக்கும்வரை சான் பிரான்சிஸ்கோவில் மெத்தையோரம் இருந்து கற்பித்தார்.

வாள்வீச்சில் பெல்ட் கிடையாது, செலவு உண்டு. ஜூடோ உடை சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். வாள்வீச்சில் முகமூடி, மேலங்கி, உள்கவசம், கையுறை, மின்கம்பி, வாள் என்று நீளும் பட்டியல், சர்வதேசத் தரத்தில் வாங்கினால் லட்சத்தை நெருங்கும். அந்தத் தரத்துக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 1980 ஒலிம்பிக் சாம்பியனான சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1982ல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் எதிராளியின் வாள் முறிந்து முகமூடியைத் துளைத்ததில் காயமடைந்து சில நாளில் இறந்தார். அதன் பிறகுதான் முகமூடி வலை, துணி, வாளின் எஃகு எல்லாமே கடுமையாக்கப்பட்டன. ஆகவே பரணில் கிடக்கும் பழைய முகமூடியை ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்வதே நல்லது. பல கிளப்புகள் ஆரம்ப மாதங்களுக்கு உபகரணத்தை இரவலாகத் தருகின்றன. துரு, உள்ளே அமுங்கிய வலை, தளர்ந்த கழுத்துத் துணி இவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்.

இத்தனைக்கும் தயாரானவருக்கு இடம் கிடைக்கிறதா? மாநில சங்கங்களும் அரசு மையங்களும் பதக்கத்துக்காக நடப்பவை. அங்கே கேட்கும் முதல் கேள்வி வயது. நாற்பது என்றால், மகனைச் சேர்க்க வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் இரண்டு விளையாட்டிலும் சர்வதேச அளவில் மூத்தோர் போட்டிகள் நடக்கின்றன. ஜூடோவில் 30 வயதிலேயே ஒருவர் மூத்தோர் பிரிவில் ஆடலாம். வாள்வீச்சின் உலக மூத்தோர் போட்டியில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. ஹங்கேரியின் அலதார் கெரெவிச் அந்தப் பிரிவுக்கெல்லாம் காத்திருக்காமல், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 50 வயதில் சேபர் அணிக்காகத் தங்கம் வென்றவர்.

மிஞ்சுவது தனியார் கிளப். அவர்களின் கணக்கு வேறு. மாலை ஐந்து முதல் ஏழு வரை குழந்தைகள் வகுப்பு. பெற்றோர் மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டுகிறார்கள். அதில்தான் வாடகையும் பயிற்சியாளர் சம்பளமும் ஓடுகிறது. பெரியவர்கள் வகுப்பு எட்டு மணிக்கு என்று பலகையில் இருக்கும். ஆனால் ஒருநாள் ஆபீசில் மீட்டிங், ஒருநாள் டிராஃபிக், ஒருநாள் மனைவிக்கோ கணவனுக்கோ காய்ச்சல். எட்டுப் பேர் பெயர் கொடுத்து மூன்று பேர் வந்தால் ஜோடி சேராது; பயிற்சியாளரே ஒருவருடன் நிற்க வேண்டும். நான்கு மாதத்தில் அந்த வகுப்பு யோகாவாகவோ பாக்ஸிங்காகவோ மாறிவிடும்.

எனவே பணம் கட்டுமுன் ஒரு சாயங்காலம் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது உத்தமம். பெரியவர்கள் வகுப்பில் உண்மையில் எத்தனை பேர்? நம் எடையில் ஒருவராவது உண்டா? பெண்கள் வருகிறார்களா? மெத்தைகளுக்கு நடுவே கால்விரல் மாட்டும்படி இடைவெளி இருக்கிறதா? புதியவரைத் தூக்கி எறிந்த பிறகு எறிந்தவர் அவரது கையைப் பிடித்து மெல்ல இறக்குகிறாரா, அப்படியே விட்டுவிடுகிறாரா? மாதக் கட்டணத்துக்குப் பதிலாக, வந்த நாளுக்கு மட்டும் பணம் வாங்கும் கிளப்புகளும் இருக்கின்றன. அதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். வகுப்பு முடியும் நேரத்தையும். மர்பி டவுன்காரருக்கு அல்சூர் மெட்ரோ பக்கம்தான் என்றாலும், முதல் வாரத்தில் அந்தப் படிகளில் இறங்கக் கைப்பிடி தேவைப்படும்.